ஒழுகாத கோட்டு, நனைந்த முதுகு: வால்பாறைச் சாலையில் ஒரு மழைப் பருவம்

பொள்ளாச்சிக் கடைக்காரர் அந்தக் கோட்டைப் பேசி விற்கவில்லை. முதுகுப் பகுதியைத் தானும் கடைப்பையனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தொட்டில் மாதிரி ஏந்தி, அதற்குள் அரை வாளித் தண்ணீரை ஊற்றினார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார்கள். அப்புறம் அடிப்பக்கத்தில் ஒரு செய்தித்தாளை வைத்துத் தேய்த்துக் காட்டினார். தாள் நனையவில்லை. “ஒரு சொட்டு இறங்காதுங்க” என்றார். எனக்கும் அதுதானே வேண்டும்? ஒன்பது செட்டு எடுத்தேன்.

மூன்றாவது வாரம் அந்த ஒன்பதில் ஆறு கோட்டுகள் லாரியின் பக்கப் பலகையில் தொங்கின. கொட்டுகிற மழையில் கோட்டு ஒரு பக்கம், ஆள் தொப்பலாக நனைந்து மண்வெட்டியோடு இன்னொரு பக்கம். வழியில் போன ஜீப்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, “ஏங்க, கோட்டைக் காயப் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவருக்கு அன்றைக்குச் சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இடமும் ஆட்களும்

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழே ஆழியாறு மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவத்தில் அங்கே காற்றுதான் பலமாக அடிக்கும். மேலே போகப்போகக் கதை மாறும். அட்டகட்டி தாண்டினால் சாரல், கவர்க்கல் வந்தால் பத்தடி தூரத்தில் நிற்பவர் தெரியாத மூடுபனி. வால்பாறை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர். அதற்கும் அந்தப் பக்கம் இருக்கும் சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. காலையில் வெயிலில் லாரி ஏறுவோம். வைப்பர் போடாமல் ஓட்ட முடியாத இடத்தில் போய் இறங்குவோம்.

எங்கள் வேலை சாலையோர வடிகால் அடைபடாமல் பார்ப்பது. சரிவிலிருந்து இறங்கும் மண்ணும், சில்வர் ஓக் இலையும், ஒடிந்த கிளையும் கால்வாயை அடைத்தால் தண்ணீர் ரோட்டில் ஏறும், ஓரத்தை அரிக்கும், அப்புறம் ரோடே போகும். மழை வலுக்க வலுக்கத்தான் எங்களுக்கு வேலை கூடும். அதனால் ‘மழை விட்டதும் பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒப்பந்ததாரரிடம் நான் சைட் சூப்பர்வைசர். எனக்குக் கீழே ஒன்பது பேர். கால்வாயில் இறங்கி மண் அள்ள நான்கு பேர், அதில் இருவர் பெண்கள். புல் வெட்டும் மிஷினுக்கு இருவர். வளைவின் இரு முனையிலும் கொடி பிடித்து வண்டியை நிறுத்தி விட இருவர். அளவு எடுத்து நோட்டில் எழுத ஒரு பையன். இந்தக் கணக்கை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோட்டு வாங்கப் போனபோது என் மண்டையில் இந்தப் பிரிவே இல்லை. ‘ஒன்பது பேர், ஒரே மழை, ஒன்பது கோட்டு’ என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

அதுவரை அவர்கள் என்ன போட்டிருந்தார்கள்? மண் அள்ளுபவர்கள் கொங்காடை, அதாவது உரச்சாக்கை மடித்துத் தலையில் மாட்டிக்கொள்வது. கொடி பிடிப்பவர்கள் கிழிந்த பைக் ரெயின்கோட். மிஷின்காரர்கள் சட்டையோடு சரி. பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். தேயிலைத் தோட்டத்துக்காவது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று ஒரு பிரிவு எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. முதலாளியிடம் இரண்டு தடவை கேட்டு, மூன்றாவது தடவை அவரே சலித்துப்போய்ப் பணம் கொடுத்தார். “இருக்கறதுலயே கெட்டியா பாத்து எடு” என்றார். கெட்டியாகத்தான் எடுத்தேன்.

பாலியஸ்டர் துணிமேல் இரண்டு பக்கமும் பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசியது. தையலே இல்லை, ஓரமெல்லாம் சூட்டில் ஒட்டியது. கோட்டு, பேண்ட், தலைமூடி. நிறம் கரும்பச்சை.

முதல் பத்து நாள்

முதல் நாள் எல்லாருக்கும் சந்தோஷம், போட்டோ எடுத்தார்கள். இரண்டாம் நாள் பத்து மணிக்கெல்லாம் கால்வாயில் இறங்கிய ஆண்கள் பேண்டைக் கழற்றிவிட்டார்கள். நான்காம் நாள் நான்கு பேரும் கோட்டையே கழற்றினார்கள். எனக்குக் கோபம். காசு கொடுத்து வாங்கியதை உண்ணிச்செடிமேல் மாட்டிவிட்டு நனைகிறார்களே என்று ஒரு சத்தம் போட்டேன். திரும்பப் போட்டுக்கொண்டார்கள்.

அதற்கு மறுநாள் மண் அள்ளிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் மண்வெட்டியை ஊன்றியபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்து, தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றார். வெளியே நல்ல குளிர்காற்று, 20 டிகிரியை ஒட்டி இருக்கும். குளிரில் ஒருவர் சூட்டால் மயங்குவார் என்று யாருக்குத் தோன்றும்? காய்ச்சல் என்று நினைத்து இன்னொரு கோட்டை மேலே போர்த்தப் போனேன். நல்லவேளை, மிஷின்காரர் தடுத்து இருந்த கோட்டையும் உருவினார். உள்ளேயிருந்து இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்தது.

வால்பாறை ஆஸ்பத்திரியில் உடம்பில் நீர்ச்சத்துக் குறைந்திருக்கிறது என்றார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் ஒரு டம்ளர் டீ தவிர எதுவும் குடிக்கவில்லை. மழையில் யாருக்கும் தாகம் எடுப்பதில்லை. லாரியில் வைத்திருந்த இருபது லிட்டர் கேன் மூடியே திறக்காமல் திரும்பிப் போகும்.

உப்புக் கரிக்குது

அப்போதும் நான் கோட்டில்தான் குறை இருக்கும் என்று நம்பினேன். உள்ளே சட்டை அவ்வளவு ஈரமாக இருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்றுதானே அர்த்தம்? கடைக்குக் கொண்டுபோய் வீசிவிட்டு வருவதாக ஏற்பாடு. எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரிந்தால் சண்டை போடத் தோதாக இருக்குமென்று, லாரிக்குள் வைத்து ஒரு கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பார்த்தேன். ஒட்டு ஓடும் வழியில் ஈரக்கோடு ஒன்றும் இல்லை. தோள், கழுத்து, ஜிப் என்று எங்கிருந்தும் தண்ணீர் இறங்கிய தடம் இல்லை. முதுகுப் பக்கம் முழுக்க, ஐஸ் டம்ளரின் வெளிப்புறம் மாதிரி, பொடிப்பொடியாக முத்து கோத்திருந்தது.

மண் அள்ளும் அக்கா ஒருவர் பக்கத்தில் நின்று தன் சட்டை முனையைப் பிழிந்துகொண்டிருந்தார். சேலைக்கு மேல் போடும் ஆண் சட்டை அது. பிழிந்த தண்ணீர் உள்ளங்கையில் தேங்கியதும் நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

“தம்பி, இது மழைத்தண்ணி இல்ல. நீங்களே பாருங்க, உப்புக் கரிக்குது.”

அந்த ஒரு சோதனை எனக்குக் கடைக்காரரின் வாளிச் சோதனையைக் கலைத்துப்போட்டது. கோட்டின் உட்புறத்தில் கோத்திருந்த முத்தை நாக்கில் வைத்தால் ருசி ஒன்றும் இருக்காது, ஆவி குளிர்ந்து நீரானது அது. ஆனால் சட்டையில் ஊறியது வியர்வை. கோட்டு வெளித்தண்ணீரை ஒரு சொட்டும் விடவில்லை. உள்தண்ணீரையும் விடவில்லை, அவ்வளவுதான்.

மண்வெட்டி பிடிக்கும் உடம்பு எரிக்கும் சக்தியில் கால்வாசி கூட வேலையாக மாறுவதில்லை. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. அதுவும் சும்மா வழிந்தால் போதாது, ஆவியாகிப் போக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பிவிசிக்குள் அது ஆவியாக இடமில்லை. ஆகவே உடம்பு இன்னும் அதிகமாக வியர்க்கிறது, அதுவும் வீணாக வழிகிறது. கழற்றிப் போட்டுவிட்டு மழையில் நனைந்து வேலை செய்தவர்கள் திமிர் பிடித்துச் செய்யவில்லை. அவர்கள் உடம்பு அவர்களுக்குச் சரியாகவே சொல்லியிருக்கிறது. சத்தம் போட்டது நான்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1823-இல் கிளாஸ்கோவில் சார்ல்ஸ் மாக்கின்டோஷ் இரண்டு துணிக்கு நடுவே கரைத்த ரப்பரைத் தடவிக் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்தே, அந்தக் கோட்டுக்குள் புழுங்குகிறது, நாறுகிறது என்ற புகார் உண்டு. நம் பிவிசி கோட்டு அதன் கொள்ளுப்பேரன்தான்.

ஐரோப்பாவில் மழை வேலை உடுப்புக்கு இஎன் 343 என்று ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள். முத்திரையில் குடைப் படமும் பக்கத்தில் எண்களும் இருக்கும். முதல் எண் வெளித்தண்ணீரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு, இரண்டாவது எண் உள்ளிருக்கும் ஆவியை எவ்வளவு விடுகிறது என்பதற்கு. இரண்டும் 1 முதல் 4 வரை. ஆவி விடுவதில் 1 வாங்கிய உடுப்பை 25 டிகிரியில் ஒரே மூச்சில் 60 நிமிடத்துக்கு மேல் போட்டிருக்க வேண்டாம் என்று அந்தத் தரநிலையே அட்டவணை போட்டுச் சொல்கிறது. நாங்கள் வாங்கியதில் எந்த முத்திரையும் இல்லை. இருந்திருந்தால் அந்த இரண்டாவது எண் 1 ஆகத்தான் இருந்திருக்கும். அதை எட்டு மணி நேரம் போடச் சொல்லியிருந்தேன்.

மூச்சு விடும் துணி

அப்போ மூச்சு விடும் துணி வாங்கிவிடலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். கோயம்புத்தூரில் மலையேறுபவர்கள் வாங்கும் கடையில் ஒன்றே ஒன்று வாங்கினேன், என் கைக்காசில். உள்ளே மெல்லிய சவ்வு ஒட்டிய துணி. இந்த வகைக்கு வழி திறந்தது கோர்-டெக்ஸ். 1969-இல் பாப் கோர் டெஃப்லானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது நுண்துளைகளோடு நீண்டது. நீர்த்துளி நுழைய முடியாத, ஆனால் நீராவி தாராளமாகப் போகிற துளைகள். நான் வாங்கியது அந்தக் கம்பெனி இல்லை, அதே தத்துவம்.

அட்டையில் 10,000 மி.மீ. என்று போட்டிருந்தது. துணிமேல் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் இறங்காது என்று பொருள். மழைத்துளி விழும் வேகத்துக்கு இவ்வளவு தேவையே இல்லை. தேவைப்படுவது அழுத்தம் விழும் இடத்தில். ஈர மண்ணில் முழங்கால் ஊன்றினால் முட்டிக்கடியில் மழைத்துளியைவிடப் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. தோளில் பை வார் அழுந்தும் இடத்திலும் அப்படித்தான். ‘நல்ல கோட்டுதான், ஆனா முட்டியில மட்டும் ஈரம்’ என்று ஒருவர் சொன்னால் பொய் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சவ்வு மூச்சு விட வேண்டுமென்றால் உள்ளே ஆவி அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். தோலை ஒட்டி 34 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றின் ஆவி அழுத்தம் சுமார் 5.3 கிலோபாஸ்கல். வெளியே 20 டிகிரியில் மூடுபனி என்றால் 2.3. தள்ளுவதற்கு 3 மிச்சம் இருக்கிறது. இதே கோட்டைக் கீழே சமவெளியில் 28 டிகிரி மழையில் போட்டால் வெளியே 3.8, மிச்சம் பாதிதான். அதனால் இந்தத் துணி மலையில் ஓரளவு உழைக்கும், சென்னை மழையில் பேருக்குத்தான் உழைக்கும். குளிர்நாட்டில் எழுதிய பாராட்டைப் படித்துவிட்டுச் சமவெளியில் வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தக் கோட்டை மண் அள்ளும் அண்ணனிடம் மூன்று நாள் கொடுத்தேன். முதல் நாள் நன்றாக இருக்கிறது என்றார். மூன்றாம் நாள் கால்வாய்ச் சுவரில் முதுகு உரசி உரசி வெளித்துணி முழுக்கச் சேறு. புதிதில் தண்ணீர் தாமரை இலைமேல் ஓடுவது போல உருண்டு ஓடியது. சேறு ஏறிய இடத்தில் உருளவில்லை, துணி ஊறி நின்றது. வெளித்துணி ஊறிவிட்டால் சவ்வுக்கு மேலே தண்ணீர்த் திரை விழுந்த மாதிரி, ஆவி போக வழியில்லை. துவைத்து, இளஞ்சூட்டில் உலர்த்தினால் அந்த உருளும் குணம் ஓரளவு திரும்பும். எங்கள் லாரியில் துவைக்கிறதா, இளஞ்சூடா! கோட்டை அளவு எடுக்கும் பையனிடம் கொடுத்துவிட்டேன். அவன் நடக்கிறான், நிற்கிறான், எழுதுகிறான். சேற்றில் உரசுவதில்லை, மூச்சு வாங்குவதும் இல்லை. பருவம் முடியும்வரை அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. நோட்டுக்கு ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறை, பேனாவுக்குப் பதில் பென்சில். அவன் கதை அவ்வளவுதான்.

கொங்காடை

மண் அள்ளுகிறவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியாமல், முதலில் அவர்கள் பழைய சாக்குக்கே போகட்டும் என்று விட்டேன். விட்டபிறகுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன்.

சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளினால் கூம்பாக ஒரு தலைமூடி வரும். மிச்சம் முதுகில் தொங்கும். முன்பக்கம் முழுக்கத் திறப்பு. ‘முன்பக்கம் நனையுமே’ என்பது நிமிர்ந்து நிற்பவனின் யோசனை. மண் அள்ளுகிறவர் நிமிர்ந்து நிற்பதே இல்லை. குனிந்த உடம்பில் வானத்தைப் பார்ப்பது தலையும் முதுகும்தான். மழை அடிக்கும் இடத்தை மட்டும் மூடி, சூடு வெளியேற வேண்டிய இடத்தைத் திறந்து வைத்திருக்கிறது. அதைவிட முக்கியம், உச்சியில் தையலே கிடையாது. மடிப்புதான். தைத்த மழையுடுப்பு பெரும்பாலும் முதலில் ஒழுகுவது ஊசி போன ஓட்டையில். தண்ணீர் ஓடும் பாதையில் ஊசியே படாத வடிவம் இது.

குறை இல்லாமல் இல்லை. சணல் சாக்கு ஊறினால் கனம். பிளாஸ்டிக் உரச்சாக்கு காற்றில் பறக்கும், வழுக்கும், ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சரி, வடிவத்தை வைத்துக்கொண்டு துணியை மாற்றுவோம் என்று பொள்ளாச்சியில் படுதா தைக்கும் கடைக்குப் போனோம், அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு. மெல்லிய நைலான், ஒரு பக்கம் மட்டும் பியூ (பாலியூரித்தேன்) பூச்சு. தையல்காரர் தனக்குத் தெரிந்த மாதிரி தோளில் வெட்டி மூட்டப் பார்த்தார். அக்கா விடவில்லை. கடைத் தரையில் துணியை விரித்து, மூலையை உள்ளே தள்ளிக் காட்டி, “இங்க ஊசி போடாதீங்கய்யா, கீழ் ஓரத்துல மட்டும் போடுங்க” என்றார். மார்பில் குறுக்கே கட்ட இரண்டு நாடா, இடுப்பில் காற்றில் தூக்காமல் இருக்க ஒரு நாடா. அவ்வளவுதான் உடுப்பு. நான்கு தைத்தோம். ஒன்றின் செலவு அந்தப் பிவிசி செட்டின் செலவில் பாதிகூட வரவில்லை.

பெண்கள் விஷயத்தில் நான் செய்த தப்பு இங்கேதான் புரிந்தது. வாங்கி வந்த பேண்ட் ஆண்கள் அளவு. சேலைக்கு மேல் அதை எப்படிப் போடுவது? முதல் வாரம் இருவரும் ஒன்றும் சொல்லாமல் அதைப் பையிலேயே வைத்திருந்தார்கள், கேட்டால் வருத்தப்படுவேன் என்று. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் இடுப்பைச் சுற்றிப் படுதா கட்டுவது போல இவர்களும் கட்டிக்கொண்டார்கள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, உள்ளே பழைய டிராக் பேண்ட், மேலே படுதா. நடக்கும்போது விலகும், குனியும்போது மறைக்கும், காற்று உள்ளே போய் வரும். அதற்கு மேல் நான் யோசனை சொல்லவில்லை.

உள்ளே போடுவதையும் மாற்றினோம். பருத்திப் பனியன் குடிக்கிற தண்ணீரை விடாது, நாள் முழுக்க ஈரத்துணியைச் சுற்றிக்கொண்ட மாதிரி. விளையாட்டுக் கடையில் விற்கும் முழுக்கை பாலியஸ்டர் டீ-ஷர்ட் நனைந்தாலும் சீக்கிரம் காயும், பூச்சுத் துணி கையில் ஒட்டாமலும் காக்கும்.

கொடியும் மிஷினும்

கொடி பிடிப்பவர்கள் கதையே தலைகீழ். அவர்கள் அசைவதே இல்லை. கவர்க்கல் காற்றில் எட்டு மணி நேரம் நிற்பவருக்குச் சூடு எதிரி இல்லை, குளிர்தான். உள்ளே ஸ்வெட்டர் போட்டு மேலே அந்தக் கெட்டிப் பிவிசி கோட்டைப் போட்டால் அவர்களுக்குச் சொர்க்கம். ஒன்பதில் கழற்றப்படாத மூன்றில் இரண்டு அவர்களுடையவை.

ஆனால் நிறம்! மூடுபனியில் கரும்பச்சைக் கோட்டுப் போட்டு ஒரு ஆளை வளைவில் நிறுத்தியிருக்கிறேன். ஒருநாள் மேலிருந்து இறங்கிய பஸ், கொடியைப் பார்த்துத்தான் பிரேக் போட்டது, ஆளைப் பார்த்து இல்லை. அன்று மாலையே ஒளிரும் மஞ்சள் நிறத்தில் வெள்ளிப்பட்டை வைத்த மேல்சட்டை வாங்கி, கோட்டுக்கு மேலே மாட்டினோம். இருளும் மூடுபனியும் உள்ள இடத்தில் கோட்டு வாங்குகிறவர்கள் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் முன் பத்தடி தள்ளி நின்று நிறத்தைப் பார்க்க வேண்டும்.

தலைமூடி இன்னொரு தொல்லை. கழுத்தைத் திருப்பினால் முகம் திரும்புகிறது, தலைமூடி திரும்புவதில்லை, பக்கவாட்டில் பாதி மறைந்துவிடும். மழை அதன்மேல் படபடவென்று அடிப்பதில் காதும் கேட்காது. இந்தச் சாலையில் காது கேட்காமல் நிற்பது வண்டிக்கு மட்டும் ஆபத்தில்லை, யானை நடமாடும் இடம். கிளை ஒடியும் சத்தம் காதில் விழ வேண்டும். தலைமூடியை மடித்துவிட்டு, அகல விளிம்புள்ள தொப்பி, கழுத்தைச் சுற்றித் துண்டு என்று மாற்றினோம். துண்டு நனையும், பிழிந்து திரும்பப் போடுவார்கள்.

அப்புறம் கை. கொடியை உயர்த்திப் பிடிக்கும்போது கம்பு வழியாக ஓடிவரும் தண்ணீர் மணிக்கட்டில் ஏறி, முழங்கை தாண்டி, கக்கம்வரை போகும். கோட்டு வெல்க்ரோவை எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. கொடிக்காரர்களில் ஒருவரே பழைய சைக்கிள் டியூபில் இரண்டு வளையம் வெட்டி, ஒன்றைக் கம்பில் கைக்கு மேலே இறுக்கிப் போட்டார். தண்ணீர் வளையத்தில் தட்டி அங்கேயே சொட்டிவிடுகிறது. இன்னொன்று மணிக்கட்டில் கோட்டுக்கு மேலே. பருவம் முழுக்க நான் பார்த்ததில் காசே செலவாகாத நல்ல வேலை இதுதான்.

மிஷின்காரர்களுக்குக் கொங்காடை கொடுக்கவே கூடாது. சுற்றும் பிளேடுக்குப் பக்கத்தில் தொங்கும் துணி, பறக்கும் நாடா எதுவும் ஆகாது. உடம்போடு ஒட்டிய கோட்டுதான் வேண்டும். பிவிசி கல்தெறிப்பைத் தாங்கும், ஆனால் புழுங்கும். அதனால் படுதாக் கடையிலேயே கக்கத்துக்குக் கீழே பக்கத்துக்கு நான்கு வளையம் அடித்துத் துளை போட்டோம். அவர்கள் கை கீழேயே இருப்பதால் மழை அங்கே நுழையாது. கொடிக்காரர் கோட்டில் இதே துளையைப் போட்டிருந்தால் நேராக உள்ளே இறங்கியிருக்கும். பெட்ரோல் டேங்க் ஒருமுறை தீரும்போதெல்லாம் கோட்டைத் திறந்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது என்று வழக்கமாக்கினோம்.

காலும் அட்டையும்

கம்பூட்ஸுக்குள் பேண்டைச் செருகினால் கோட்டு வடித்துவிடும் தண்ணீரெல்லாம் பேண்ட் வழியாக நேரே பூட்ஸுக்குள் போய் நிரம்பும். பேண்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எல்லாரும் செருகினார்கள். ஏனென்றால் ரத்தம் குடிக்கும் அட்டை. வெளியே தொங்கும் பேண்டுக்குள் அட்டை ஏணி வைத்த மாதிரி ஏறும். தண்ணீரா, அட்டையா என்றால் மனிதர்கள் தண்ணீரைத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். முழங்கால்வரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டை உறையை உள்ளே போட்டு, அதன்மேல் மூக்குப்பொடியோ சுண்ணாம்போ தடவி, பேண்டை வெளியே விட்ட பிறகுதான் இரண்டும் ஒத்துப்போயின. அதற்குள் இருவருக்குச் சேற்றுப்புண் வந்துவிட்டது. விரலிடுக்கில் வெடிப்போடு கால்வாய்த் தண்ணீரில் நிற்பது எலிக்காய்ச்சலுக்கும் வாசல் என்பதால் அவர்களை ஒரு வாரம் மேல்வேலைக்கு மாற்ற வேண்டியிருந்தது.

ராத்திரி

பகலில் நடந்ததைவிட உடுப்பு அதிகம் கெட்டது ராத்திரியில். ஈரமாகவே சுருட்டி லாரியில் குவித்துவிட்டுப் போவோம். காலையில் எடுத்தால் பூஞ்சண வாடை, யார் கோட்டு யாருடையது என்ற சண்டை. பியூ பூச்சை ஈரத்தோடு மடித்து வைத்தால் நாளடைவில் பிசுபிசுத்துத் தோலாக உரியும், கொங்காடை ஒன்றின் மடிப்பில் ஆகஸ்டிலேயே அது தொடங்கிவிட்டது. சீக்கிரம் காயட்டும் என்று பிவிசி கோட்டு ஒன்றை டீ போடும் விறகடுப்புப் பக்கம் தொங்கவிட்டதில், ஒரு கை அப்பளமாகச் சுருண்டது. பிறகு ஷெட்டில் அடுப்புக்கு எட்டாத தூரத்தில் குறுக்கே ஒரு கம்பி கட்டி, முதலில் உள்பக்கம் வெளியே, நடுராத்திரியில் காவலுக்கு இருப்பவர் ஒருமுறை திருப்பிப் போடுவது என்று வைத்தோம். அவர் பாதி நாள் மறந்துவிடுவார்.

கழற்றிப் போட்ட அந்த ஆறு கெட்டிக் கோட்டுகளுக்கும் கடைசியில் வேலை கிடைத்தது. மண் அள்ளுகிறவர் வேலை செய்யும்வரை நனைந்திருந்தாலும் குளிராது, உடம்பு சூடாக இருக்கும். டீ குடிக்க உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் பல் கிட்டும். அந்தச் சமயத்தில் ஈரச் சட்டைக்கு மேல் பிவிசி கோட்டைப் போட்டால், காற்றே புகாததால், கொஞ்ச நேரத்தில் கதகதப்பு வந்துவிடுகிறது. மண்வெட்டி எடுத்தால் கழற்று, டீ டம்ளர் எடுத்தால் போடு. மிஷின்காரர்கள் இருவரும் துளை போட்டதையே வைத்துக்கொண்டார்கள், மற்ற நான்கும் டீக்கோட்டு ஆகிவிட்டன. பேரே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஜூனுக்கான பட்டியலை முதலாளி கேட்டபோது நோட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். கொங்காடை ஆறு, ஏனென்றால் அக்கா தன் மருமகளுக்கும் ஒன்று கேட்டிருக்கிறார், ஒன்று கிழிந்தால் மாற்ற. மஞ்சள் கோட்டு இரண்டு. டீ-ஷர்ட் ஆளுக்கு இரண்டு, ஒன்று காயும்போது இன்னொன்று. அட்டை உறை பதினெட்டு ஜோடி. கையுறை என்று எழுதிவிட்டு எதிரே ஒன்றும் எழுதவில்லை. ரப்பர் கையுறைக்குள் அதே வியர்வை, துணிக் கையுறை ஊறிக் கனக்கிறது, தோல் கையுறை ஈரத்தில் விறைக்கிறது. செப்டம்பர் கடைசிவரை நான்கு பேரும் வெறுங்கையோடுதான் மண் அள்ளினார்கள்.